கைதட்டினோம், கணக்கு வைக்கவில்லை

போன மாதம் சாத்தூரில் ஒரு மாணவர் கூட்டம். கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, அந்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னண்ணே ஆச்சு? புஸ்வாணமாப் போச்சா?"

புஸ்வாணம் என்கிற சொல்லை எங்கள் மாவட்டத்தில் யாரும் அவ்வளவு லேசாகச் சொல்லிவிடக் கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். அந்த ஆபீசில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவர்கள் எங்கள் அம்மாக்கள், சித்திகள், மதினிகள். புஸ்வாணம் பூப்பதை ஊரே பார்க்கிறது. அடைத்த கையை எவரும் பார்ப்பதில்லை. பூக்காமல் போனால் "மருந்து நமுத்துப் போச்சு" என்று காலால் எத்திவிட்டுப் போகிறோம். எவன் அதை ஈரத்தில் போட்டு வைத்தான் என்று கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்கத்தான். நம் இசைக்குழுக்களை நமுக்க விட்டது யார்? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆதிக்க சாதி மட்டுமல்ல, சந்தை மட்டுமல்ல. நாமும்தான், தோழர்களே. நானும்தான்.

1

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். ஆயிரக்கணக்கான பேர். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், டென்மா என்கிற இசைக்கலைஞரோடு சேர்ந்து உருவாக்கிய குழு, ஒரே மாதிரி கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மேடையேறியது. கானா, ராப், ராக். பறையும் சட்டியும் கட்ட மோளமும் ஒரு பக்கம். கிடாரும் டிரம்சும் ஒரு பக்கம். இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாட்டு. மாட்டுக்கறியைப் பற்றிப் பாட்டு. சாவு வீட்டில் மட்டும் கேட்கத் தகுந்தது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட கானா, மார்கழி மாத மெட்ராசில் தலைநிமிர்ந்து நின்றது. அதே மாதத்தில் அதே ஊரின் சபாக்களில் வேறொரு சங்கீதம் நடந்துகொண்டிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

குழுவின் பெயரே ஒரு வரலாறு. சாதிபேதமற்ற தமிழர் என்று பண்டிதர் அயோத்திதாசர் உச்சரித்த சொல்லிலிருந்து எடுத்தது. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்த பத்திரிகை. அந்த ஒரு பைசாவுக்குப் பிறகு வருகிறேன்.

நம் கலைக்கு அதற்கு முன் மேடையே இல்லை என்று சொல்வது பொய். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று தன்னை அழைத்துக்கொண்டு, கிராமத்து மெட்டில் விடுதலையைப் பாட வைத்தார். 2005இல் அவர் இறக்கும்வரை அந்த வேலை நடந்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கலைக்குழுக்கள் இயக்க மேடைகளில் தொண்டை கிழியப் பாடியிருக்கின்றன. ஆனால் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது வேறு. அங்கே பாட்டு கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மணியடிப்பாக இல்லை. பாட்டே கூட்டமாக இருந்தது. "தலைவர் வந்துட்டாரு, பாட்டை நிறுத்துங்கப்பா" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நம் இயக்க மேடைகளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டிய விஷயம் அது. நமக்கு உறைக்கவில்லை. செல்போனில் பார்த்தோம், மெய்சிலிர்த்தோம், பகிர்ந்தோம்.

2

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். வதந்தி வேண்டாம்.

குழுவில் முளைத்த ஒவ்வொருவரும் பெரிதானார்கள். இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தார். அறிவு 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பு, பிறகு சினிமாப் பாட்டு என்று போனார். டென்மா தன் இசை முயற்சிகளோடு போனார். 2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. இன்னும் நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்கு மேடை திறந்தது. குழுவின் பெயர் அழிந்துவிடவில்லை. ஆனால் பத்தொன்பது பேர் ஒரே உடம்பாக ஒரே மேடையில் நின்ற அந்த 2018 உருவம் தளர்ந்தது. இதைத்தான் அந்தத் தம்பி "புஸ்வாணம்" என்றான்.

இதிலே குற்றம் என்ன? பிள்ளைகள் பெரிதாகிப் பிரிந்து போவது குற்றமா? இல்லை. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டாக இருந்தபோது அவர்களை 'அவங்க அரசியல் பாட்டு' என்று ஒதுக்கிய அதே சந்தை, தனித்தனியாகப் பொறுக்கி எடுக்கும்போது மட்டும் வாரி அணைத்தது. அணைத்த கையே முகத்தையும் அழித்தது.

2021 மார்ச் 7 அன்று 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்த அறிவின் பாட்டி சொன்ன கதைகளில் கருக்கொண்ட பாட்டு. கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டை போட்டது. பாட்டைப் பேசிய அட்டையில் பாட்டை எழுதியவன் முகம் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார், சண்டை ஆனது, பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டால்தான் முகம். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. பாட்டு யாருடையது என்று அறிவு ஒரு பக்கமும், சந்தோஷ் நாராயணனும் தீயும் இன்னொரு பக்கமும் அறிக்கை கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வந்து சேரவில்லை என்று சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் நீதிபதி இல்லை. ஒரு வங்கி கிளார்க்காக ஒன்றுதான் கேட்கிறேன். இத்தனை கோடிக் காதுகளுக்குள் போன ஒரு பாட்டின் பாஸ்புக் யார் கையில் இருந்தது?

முகம் அழிப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. எங்கள் சாதிப் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டம் பற்றி எரிந்தது. அரசு என்ன செய்தது? அந்த ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. நம் ஒரு பெயர் நிற்பதைவிட எவர் பெயருமே இல்லாமல் போவது அவர்களுக்குச் சம்மதமாக இருந்தது. பஸ் மட்டும் ஓடியது. பாட்டு மட்டும் ஓடுகிறது.

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்லை. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்கிற ஜூலு இனப் பாடகர் 1939இல் 'இம்பூபே' என்றொரு பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அந்த மெட்டு அமெரிக்கா போய், சிங்கம் தூங்குகிறது என்று பெயர் மாறி, உலகமெல்லாம் காசு கொட்டியது. 1962இல் அவர் சாகும்போது வங்கிக் கணக்கில் இருபத்தைந்து டாலருக்கும் குறைவு. அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டு 2006இல்தான் ஓர் உடன்பாடு கிடைத்தது. கறுப்புக் குரல் வேண்டும், கறுப்பு உடம்பு வேண்டாம். சேரிக் குரல் வேண்டும், சேரி வேண்டாம்.

சந்தை இப்படி என்றால் அரசு இன்னொரு விதம். புனேயின் கபீர் கலா மஞ்ச் பாடகர்களைச் சிறையில் போட்டார்கள். இங்கே 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகக் கோவனைத் தேசத் துரோக வழக்கில் கைது செய்தார்கள். இசைவாணி ஆண்டுகளுக்கு முன் பாடிய அய்யப்பன் பாட்டுக்காக 2024 நவம்பரில் புகார் மேல் புகார், மிரட்டல் மேல் மிரட்டல்.

சிறை ஒரு சாவு. சந்தை ஒரு சாவு. இந்த இரண்டையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மூன்றாவது சாவு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். ஏனென்றால் அது நம் வீட்டுக்குள் நடக்கிறது.

3

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுதான் என்றது. நவம்பரில் ஆபீசுகளை மூடினார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை. எங்கள் காலனி இளசுகள் எட்டுப் பேர், ஆறு பையன்கள் ரெண்டு பிள்ளைகள், சும்மா இருந்த கையோடு ஒரு செட்டு ஆரம்பித்தார்கள். கீழ்ப்பாக்கம் வீடியோதான் அவர்களுக்கு வாத்தியார். ரெண்டு பறை, ஒரு உறுமி, செகண்ட் ஹேண்டு கீபோர்டு ஒன்று, தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று. சரம் பின்னுகிற விரல்கள் இல்லையா, தாளம் தானாக வந்தது.

முதலில் வீட்டிலே எதிர்ப்பு. என் தாத்தா தலைமுறை ஊருக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லி அடிவாங்கிய தலைமுறை. "நாங்க தூக்கி எறிஞ்சத நீங்க ஏம்ப்பா பொறுக்குறீக?" என்று ஒரு தாத்தா கேட்டார். உறுமி அடிக்கிற பிள்ளை சொன்னாள்: "ஊருக்கு அடிக்கல தாத்தா, நமக்கு அடிக்கிறோம்." இதைவிடத் தெளிவாக இந்த விவாதத்தை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

2019 ஏப்ரல் 14இல் அண்ணல் பிறந்தநாள் மேடையில் முதல் நிகழ்ச்சி. பட்டாசு ஆபீசைப் பற்றிச் சொந்தமாகப் பாட்டுக் கட்டியிருந்தார்கள். கூலியை, கருகிய தோலை, விபத்து நடந்த மறுநாள் கேட்டில் நிற்கிற ஜனத்தை. அழாதவர் இல்லை. அப்புறம் ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், அருப்புக்கோட்டை, மதுரை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

2020இல் கொரோனா மேடையைப் பிடுங்கியது. மறுபடி கூடினார்கள். 2021இல் உறுமிக்காரப் பிள்ளையின் அம்மா ஒரு தீவிபத்தில் கருகினார். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கீபோர்டு அடகுக் கடைக்குப் போனது. நாலாயிரம் ரூபாய். மீட்கவே இல்லை. ஒரு பையன் திருப்பூர் போனான். இன்னொரு பிள்ளைக்குக் கல்யாணம் ஆனது. ஸ்பீக்கர் புகைந்தது. 2023இல் செட்டு இல்லை. எவனும் தடை செய்யவில்லை, எவனும் கல்லெறியவில்லை. நமுத்துப் போனது.

அந்த வருஷத்து டைரியை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். வங்கிக்காரன் புத்தி, எல்லாம் எழுதி வைத்திருப்பேன். நான் பொறுப்பேற்ற நாலு நிகழ்ச்சிக்கு அந்தச் செட்டைக் கூப்பிட்டிருக்கிறேன். நாலிலும் அவர்களுக்குக் கொடுத்தது பஸ் சார்ஜ், பரோட்டா, ஆளுக்கொரு துண்டு. ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பிளெக்ஸ் பேனர் செலவு ஆறாயிரத்து ஐந்நூறு. பேனரில் என் பெயரும் இருந்தது, 'கவிஞர்' என்று. கீபோர்டு அடகு நாலாயிரம்.

இந்தக் கணக்கை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செட்டுப் பையன் ஒருவன் ஒரு வங்கிக் கிளையில் கடன் கேட்டுப் போனான். எந்த வங்கி என்பது முக்கியமில்லை, எல்லாக் கவுண்டரும் ஒரே கவுண்டர்தான். கொட்டேஷன் கேட்டார்கள், ஜி.எஸ்.டி. பில் கேட்டார்கள். மாட்டுத்தோலைக் காயவைத்து வேப்பங்கட்டையில் இழுத்துக் கட்டுகிற பெரியவர் கொட்டேஷன் கொடுப்பாரா? 'தொழில்' என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் வந்து கேட்டான். "கூலின்னு போட்டுரு தம்பி" என்றேன். கவிதை எழுதுகிறவன் சொன்ன பதில் அது. இசைக்கலைஞர் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4

"இயக்க நிகழ்ச்சிக்குக் கூலியா? போராட்டம் என்ன வியாபாரமா?" என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு கேள்வி. ஊர்க்காரன் சாவுக்கு அடிக்கச் சொல்லி, சாராயமும் பழைய சோறும் கொடுத்து அனுப்பியதை நாம் என்னவென்று சொன்னோம்? வெட்டி ஊழியம் என்றோம். அடிக்க மாட்டோம் என்றோம். அதே பிள்ளைகளை இருநூறு கிலோமீட்டர் வரவழைத்து, தலைவர் வரும்வரை அடிக்கவிட்டு, பரோட்டா கொடுத்து அனுப்பினால் மட்டும் அதன் பெயர் தொண்டா? ஊர் செய்தால் வெட்டி, இயக்கம் செய்தால் தொண்டா? மைக் செட்டுக்காரருக்கு அச்சாரம் கொடுக்கிறோம். சாமியானாவுக்கு அச்சாரம் கொடுக்கிறோம். பாடுகிறவனுக்குத் துண்டு போடுகிறோம். துண்டைத் தின்ன முடியுமா?

இங்கே விருதுநகரிலிருந்து ஒரு பாடம் சொல்லப் போகிறேன். சிலருக்குக் கோபம் வரும்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நாடார்கள் இந்த மண்ணில் கோயிலுக்குள் நுழைய முடியாதவர்கள். 1899இல் சிவகாசியில் அவர்கள் வீடுகள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டன. அவர்கள் என்ன செய்தார்கள்? மகமை வைத்தார்கள். வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுப்பணம். வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை நடந்தது. காமராசர் படித்தது அங்கேதான். 1921இல் தூத்துக்குடியில் சொந்தமாக வங்கியே தொடங்கிவிட்டார்கள்.

"சாதிச் சங்கத்தை முன்மாதிரி காட்டுகிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்த மகமைப் பெட்டி ஒரு சாதிக்குள் பூட்டப்பட்ட பெட்டி. அந்தப் பெட்டியில் விளைந்த பள்ளிக்கூடங்கள் நமக்கு எவ்வளவு தூரம் திறந்தன என்பதும், பின்னாளில் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் யார் முதலாளி, யார் கூலி என்பதும் நமக்குத் தெரியும். பெட்டியின் பூட்டை உடைத்துப் போடுங்கள். கைப்பிடி அரிசியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒடுக்கப்பட்டவன் சொந்தக் காசில் சொந்தமாக ஒன்றை நிறுத்தும்வரை, அவன் பாட்டு அடுத்தவன் அட்டையில்தான் வரும், அதுவும் முகம் இல்லாமல். அயோத்திதாசர் ஒரு பைசா என்று பெயர் வைத்தது விளையாட்டுக்கு அல்ல. நம்மாலும் முடிகிற தொகை அது.

ஒரு சினிமா இயக்குநர் தன் சம்பாத்தியத்தையும் பெயரையும் போட்டு ஒரு குழுவை எழுப்பினார். நல்லது. ஆனால் ஓர் இயக்கத்தின் பண்பாடு முழுவதும் ஒருவரின் படம் ஓடுவதை நம்பியா இருக்க வேண்டும்? நாம் எல்லாவற்றையும் சென்னை தலையில் போட்டுவிட்டு, அது தளர்ந்ததும் "என்னாச்சு?" என்று டீக்கடையில் கேட்கிறோம்.

5

ஆகவே தீர்மானம் போடுகிற பழக்கத்தை விட்டு, செய்கிற காரியமாக நாலு சொல்கிறேன்.

ஒன்று: இனி எந்த இயக்க நிகழ்ச்சியிலும் கலைக்குழுவுக்கு முதல் அச்சாரம். பேனர் செலவைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக. காசு இல்லையா, பேனரை நிறுத்துங்கள்.

ரெண்டு: பாட்டுக் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் சட்டம் தெரிய வேண்டும். 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்க்கப்பட்ட பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும், ராயல்டியில் தமக்குச் சேர வேண்டிய சரிபாதிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. பாடுகிறவருக்கும் தனி உரிமை உண்டு. படித்த மாணவர்களே, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை வாங்கிப் படித்துச் சொல்ல ஊருக்கு ஒருவர் போதும். ரிசர்வேஷனில் சட்டம் படித்ததற்கு இதைவிட என்ன நன்றிக் கடன்?

மூன்று: எட்டுப் பேர் பாடினால் எட்டுப் பேர் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். எந்தப் பாட்டை யார் கட்டினார், எந்த வருஷம், வருமானம் எப்படிப் பங்கு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் அது பிராது. முன்னாலேயே எழுதினால் அது சாசனம்.

நாலு: பிடி அரிசி. மாதச் சம்பளம் வாங்குகிற நம் சனம் இன்றைக்கு ஊருக்கு நாலு பேராவது இருக்கிறோம். வாத்தியார், கிளார்க், நர்ஸ், கண்டக்டர். மாதம் நூறு ரூபாய். எந்த உட்சாதி என்று கேட்காத பெட்டி. இரவல் வாத்தியம், ரிப்பேர், ஒரு பாட்டைப் பதிவு செய்கிற செலவு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கீபோர்டு அடகுக்குப் போகாமல் காக்கிற கைமாற்று. கணக்கு மாதாமாதம் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

அந்தத் தம்பிக்கு டீக்கடையில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் புஸ்வாணம் ஆகவில்லை, தம்பி. அது தன் வேலையைச் செய்தது. நம் காலனியில் எட்டுப் பேரை எழுப்பியது. அந்த எட்டுப் பேரை உட்கார வைத்தது நாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அடகுக் கடைக்குப் போனேன். கீபோர்டு ஏலத்தில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறதாம். வரும் வழியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் என் பெயர், பக்கத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு என்று எழுதியிருக்கிறேன். நன்கொடை இல்லை, பாக்கி. உறுமிக்காரப் பிள்ளையிடம் கொண்டுபோய் நோட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "தொழில்னு ஒரு கட்டம் போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். அவளே எழுதினாள்.

ரெண்டாவது வரி காலியாக இருக்கிறது. யார் எழுதப் போகிறீர்கள்?